மெத்தைக்கு அடியில் என்ன இருக்க வேண்டும்?

எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தினர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர்: “டாக்டர், மெத்தைக்கு அடியில் பாக்ஸ் ஸ்பிரிங் போட வேண்டுமா?” மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் கேட்கும் அதே கவலையுடன்தான் இதையும் கேட்கின்றனர். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம். அதற்கான காரணங்களை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பாக்ஸ் ஸ்பிரிங் என்பது மரச்சட்டத்துக்குள் எஃகுச் சுருள்களை வைத்துத் துணியால் மூடிய ஒரு பெட்டி. அமெரிக்க வீடுகளில் உள்ள கட்டில்கள் பலவற்றில் நான்கு புறமும் சட்டம் இருக்கும். நடுவில் பலகை இராது. அந்த வெற்றிடத்தில் மெத்தையைத் தாங்கவும், ஸ்பிரிங் மெத்தையின் மீது விழும் அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளவும், படுக்கையை உயர்த்தவும் இந்தப் பெட்டி பயன்பட்டது. நம் ஊர்க் கட்டில்களின் அமைப்பு வேறு. தேக்குக் கட்டிலாயினும் இரும்புக் கட்டிலாயினும் மெத்தைக்கு அடியில் பலகையோ, பிளைவுட்டோ, தகடோ ஏற்கெனவே இருக்கிறது. பாக்ஸ் ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பலகையே செய்துவிடுகிறது.

மெத்தையின் வகையைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம். தென்னைநார் மெத்தைக்கும், ஃபோம், லேடெக்ஸ் மெத்தைகளுக்கும் சமமான, உறுதியான தளமே ஏற்றது. சுருள்களின் மீது வைத்தால் அவை நடுவில் குழிந்துவிடக்கூடும். இன்றைய ஸ்பிரிங் மெத்தைகளுள் பலவும் பலகையின் மீதே நன்றாக நிற்கின்றன. சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த கட்டிலாக இருந்தால், அந்த இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாண்டினால் மேலே ஒரு பிளைவுட் பலகையைப் பரப்பலாம். வாங்கிய மெத்தைக்குரிய உத்தரவாதச் சீட்டில் எத்தகைய தளம் வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தால் அதை மட்டும் படித்துவிடுங்கள்.

“அப்படியானால் வெறும் பலகையிலேயே படுக்கலாமா? முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்கிறார்களே” என்று சிலர் கேட்பதுண்டு. இதுவும் ஆராய்ந்து பார்க்க வேண்டிய நம்பிக்கையே. ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் நாட்பட்ட முதுகுவலி உடைய 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மிகக் கடினமான மெத்தையும் மற்றவர்க்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் அளித்தனர். 90 நாள்களுக்குப் பின் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. 2003-இல் ‘லான்செட்’ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. ஆகவே குழியும் மெத்தையும் வேண்டா, கல் போன்ற படுக்கையும் வேண்டா. ‘ஆர்த்தோ’ என்று மெத்தையின் மேலுறையில் அச்சிட்டிருப்பது விற்பனைக்கான பெயரே. அதை மருத்துவர் எழுதிய சீட்டாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி உயரத்திற்கு வருகிறேன். கடையில் எவரும் பேசாத செய்தி இது. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை பெற்ற மூதாட்டி ஒருவர் என் கவனிப்பில் இருந்தார். அவர் வீடு திரும்புமுன் மகன், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, பத்து அங்குல மெத்தையும் அதற்கு அடியில் வைக்க ஒன்பது அங்குலப் பெட்டியும் வாங்கினார். அம்மாவுக்கு மிகச் சிறந்ததைச் செய்ய வேண்டும் என்ற அன்பைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. பழைய கட்டிலின் மேல் இரண்டையும் அடுக்கியபோது படுக்கை ஏறத்தாழ மூன்றடி உயரத்துக்குச் சென்றுவிட்டது. மூன்றாம் நாள் இரவு, கழிவறைக்குச் செல்ல எழுந்தவரின் கால் தரையை எட்டவில்லை. சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அவருக்கு எழுதிய மருந்துச் சீட்டில் பிழை இல்லை. ஆனால் எந்தக் கட்டிலில் படுக்கப் போகிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெட்டியையும் புது மெத்தையையும் எடுத்துவிட்டு, பழைய கட்டிலில் நான்கு அங்குலத் தென்னைநார் மெத்தையைப் போட்ட பிறகுதான் அவரால் பாதங்களை ஊன்றி எழ முடிந்தது.

சரியான உயரத்தை அறிய அளவுகோல் தேவையில்லை. நோயாளி கட்டிலின் ஓரத்தில் அமரட்டும். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்க்கு இடுப்பு சற்று உயர்ந்தே இருக்க வேண்டும். கட்டில் மிகத் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகளை வைத்து உயர்த்தலாம். அவை நழுவாதவாறு தச்சரைக் கொண்டு பொருத்துங்கள். மெத்தையைத் தரையில் விரிப்பதை முழங்கால் தேய்மானம் உடையவர்கள் தவிர்க்க வேண்டும். எழுவது கடினம், மழைக்காலத்தில் ஈரம் ஏறி மெத்தையில் பூசணமும் பிடிக்கும்.

எழ இயலாமல் படுக்கையிலேயே இருப்போர்க்குக் காற்று மெத்தை வேண்டியிருக்கலாம். அதை இருக்கும் மெத்தையின் மீதே விரிக்கலாம். ஆனால் எத்தனை விலை உயர்ந்த மெத்தையும், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் கைகளுக்கு ஈடாகாது.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் படுக்கையைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்கள் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நாங்கள் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். கட்டிலின் உயரத்தையும் மெத்தையின் வகையையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். பாக்ஸ் ஸ்பிரிங்குக்கு என எடுத்து வைத்த பணத்தில், கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் கட்டிலருகே ஓர் இரவு விளக்கும் பொருத்துங்கள். விழாமல் காப்பவை அவையே.