வெள்ளியங்கிரிக்கு ஜீன்ஸ் எதுக்கு மச்சி?

சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் இருந்து பசங்க வேன் பிடிச்சு வெள்ளியங்கிரி கிளம்புறாங்க. நல்ல விஷயம். ஆனா பையைத் திறந்தா ப்ளூடூத் ஸ்பீக்கர், மாத்து ஜீன்ஸ், சென்ட் பாட்டில்! ஸ்வெட்டர் எங்கடான்னா, "ஏப்ரல்ல எதுக்கு மச்சி?"ங்கிறான்.

பூண்டி அடிவாரத்துல வேர்க்கும்தான். ஏழாவது மலையில ராத்திரிக் காத்து எலும்பைத் தொடும். வேர்வையில நனைஞ்ச ஜீன்ஸ் அங்க லேசுல காயாது; உடம்புச் சூட்டைத்தான் உறிஞ்சும். ஆண்டி சுனையில குளிக்கணுமா? ஒரு வேட்டி, துண்டு போதுமே.

பி.காம் படிக்கிறவனுக்குத் தெரிஞ்ச கணக்கு: ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அதைக் குறைக்க முடியாது. அப்போ குறைக்க வேண்டியது வேற எதை? தண்ணி, டார்ச், ஸ்வெட்டர், மழைக்கு ஒரு ஷீட், கடலைமிட்டாய், வழக்கமா சாப்பிடுற மாத்திரை. மத்ததெல்லாம் 'நான் இல்லைன்னா இன்னிக்கு ராத்திரி என்ன ஆகும்?'னு பதில் சொல்லிட்டு உள்ள வரட்டும்.

"சாமி பாத்துக்கும்" என்பவர்களே, 2024 சீசன்ல இந்த மலை ஏறினவங்கள்ல சிலர் மூச்சுத் திணறி இறந்தாங்க. வீண் கனம் இதயத்துக்கு வீண் வேலை. உங்களுக்கு முடியலைன்னா அந்தப் பையைத் தூக்கப்போறது சாமி இல்ல, கூட வந்தவன்.

அடிவாரத்துல வனத்துறை பிளாஸ்டிக்கைச் சோதிக்குது. கனத்தைச் சோதிக்க யாரும் இல்ல. அது நம்ம வேலை.