இறக்குமதி இயந்திரங்களுக்கும் பொறுப்பு விதிகள் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்: சங்க நிர்வாகிகள், திருப்பூர்.

பெறுநர்: வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநர் அவர்கள், புது தில்லி; செயலாளர் அவர்கள், மத்திய ஜவுளி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சுங்கச் சலுகையுடனும் பழைய இயந்திரங்களாகவும் இறக்குமதியாகும் பின்னலாடை இயந்திரங்களுக்குத் தொழிலாளர் நலன், பாதுகாப்பு சார்ந்த நிபந்தனைகள் விதிக்கக் கோருதல்.



திருப்பூரிலிருந்து ஒரு பெட்டி பனியன் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டுமானால், தைத்தவரின் வயது, அவருக்குக் கொடுத்த ஓவர்டைம் கூலி, சாயக் கழிவுநீர் போன இடம் என எல்லாவற்றுக்கும் நாங்கள் ஆவணம் காட்டுகிறோம். அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின், நூலுக்கான பஞ்சு எங்கே விளைந்தது என்பதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்விகளை நாங்கள் குறை சொல்லவில்லை. கேட்க ஆள் இருந்ததால்தான் இங்கே பல கம்பெனிகளில் நிலைமை திருந்தியது. ஆனால் அதே பனியன் துணியைப் பின்னும் வட்டப் பின்னல் இயந்திரமும் அதைத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரமும் சீனாவிலிருந்தோ தைவானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்திறங்கும்போது, அவற்றைச் செய்த தொழிலாளி எந்த நிலையில் வேலை பார்த்தார், ஓட்டப்போகிறவரின் கைக்கு என்ன காப்பு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விலை, வேகம், தவணை ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வாங்குபவர் தனியார், அவர் விருப்பம் என்று இதை விட்டுவிட முடியாது. ஏற்றுமதி ஊக்க மூலதனப் பொருள் (இபிசிஜி) திட்டத்தில் இயந்திரம் கொண்டுவருபவருக்கு அரசு சுங்கவரியை விட்டுக்கொடுக்கிறது. பதிலுக்கு, விட்டுக்கொடுத்த வரியைப்போல் ஆறு மடங்கு மதிப்புக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்யச் சொல்கிறது. ஆக, அந்தக் கொள்முதலில் பொதுப்பணமும் இருக்கிறது, நிபந்தனை விதிக்கும் வழக்கமும் ஏற்கெனவே இருக்கிறது. வாங்கியவரை ஆறு ஆண்டுக்குக் கட்டிப்போடும் விதி, விற்றவரிடம் ஒன்றையும் கேட்பதில்லை. அவருடைய கடமை உத்தரவாதக் காலத்தோடு தீர்ந்துவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை நாங்கள் அநியாயமாகக் கருதுகிறோம்.

இதற்குப் புதிய சட்டம் தேவை என்றுகூட நாங்கள் சொல்லவில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 7-பி பிரிவு, இயந்திரத்தை வடிவமைப்பவர், உற்பத்தி செய்பவர் மட்டுமன்றி இறக்குமதி செய்பவரும் அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்றது. அயல்நாட்டில் செய்த இயந்திரம் இந்தியத் தரத்துக்கு இருக்க வேண்டும். செய்த நாட்டின் தரம் அதைவிட உயர்ந்ததானால் அந்தத் தரத்துக்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்தக் கடமை இடம்பெற்றிருக்கிறது. நடைமுறையோ வேறு. ஐரோப்பியச் சந்தையில் விற்கும் இயந்திரத்துக்கு அங்கே கட்டாயமான காப்பு விதிகள், வெளிநாட்டுக்கு அனுப்பும் இயந்திரத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. இங்கே துறைமுகத்தில் பழைய இயந்திரத்துக்குக் கேட்கப்படும் பொறியாளர் சான்றிதழ், அதன் வயதையும் மதிப்பையும் மீதி ஆயுளையும் சொல்வதற்கானது. காம்பாக்டிங் இயந்திரத்தில் துணி உள்ளே போகும் சூடான உருளைகளுக்கு முன்னால், விரல் பட்டவுடன் ஓட்டத்தை நிறுத்தும் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்பது அந்தத் தாளில் வராது. வட்டப் பின்னல் இயந்திரத்தின் கதவைத் திறந்தால் ஓட்டம் நிற்க வேண்டும். அந்த சென்சார் பழுதாகி, மாற்று கிடைக்காமல், இரண்டு வயரை முறுக்கி இணைத்து ஓட்டும் நிலையும் எந்தத் தாளிலும் வராது.

7-பி பிரிவிலேயே இன்னொரு ஓட்டையும் இருந்தது. பாதுகாப்புக்கான ஏற்பாட்டை நானே செய்துகொள்கிறேன் என்று வாங்குபவர் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த அளவுக்கு விற்றவரும் இறக்குமதியாளரும் பொறுப்பிலிருந்து விடுபட முடிந்தது. பத்துப் பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்பவர், ஏஜென்ட் நீட்டும் கட்டுக் காகிதத்தில் எங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தா கையெழுத்துப் போடுகிறார்?

செலவு கூடும், வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் போட்டியிட முடியாது என்று எங்கள் உறுப்பினர்களிலேயே சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் தடுப்புக் கம்பியும் சென்சாரும் வடிவமைக்கும்போதே வைத்தால் விலையில் பெரிதாகத் தெரியாது. இறங்கிய பின் இங்கே பட்டறையில் வைத்துப் பொருத்துவதுதான் செலவு, அதுவும் சரியாகப் பொருந்துவதில்லை. முதலாளிகளே காப்பைக் கழற்றிவிடுகிறார்களே என்பதும் உண்மைதான். அதற்கான தண்டனை அவர்களுக்கு இருக்கட்டும். காப்பே இல்லாமல் விற்றவரை அது விடுவிக்காது. உள்நாட்டு இயந்திரங்களுக்குச் சாதகமாகப் பேசுகிறோம் என்று சொல்வோருக்கு எங்கள் பதில், கோவையில் செய்த இயந்திரத்துக்கும் இதே விதி வேண்டும் என்பதே. எந்த நாட்டின் பொருளையும் தடை செய்யச் சொல்லவில்லை.

சீனத் தொழிற்சாலைக்குள் நடப்பதை இங்கிருந்து அறிவது எப்படி என்பது கடினமான கேள்வி. முழுமையாக அறிய முடியாது. அதனால்தான் அந்தச் சுமையைச் சிறு நிறுவனத்தின் தலையில் வைக்காமல், உற்பத்தியாளரோடு நேரடித் தொடர்புள்ள இறக்குமதியாளரிடம் வைக்கக் கோருகிறோம். அவர் கையொப்பமிட்ட வாக்குமூலம் பொய்யானால் வரிச் சலுகையைத் திரும்பப் பெற அரசுக்கு ஒரு பிடி கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றி, 2027 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தவிருக்கும் கட்டாய உழைப்புப் பொருள் தடைச் சட்டம், அங்கிருந்து ஏற்றுமதியாகும் பொருளுக்கும் பொருந்தும். அங்குள்ள உற்பத்தியாளர்களுக்கு நம் கேள்வி புதிதாக இருக்காது.

ஆகவே, இபிசிஜி அனுமதி வழங்கும்போது, இயந்திரமும் அதன் முக்கிய உதிரிகளும் கட்டாய உழைப்பில் உருவாகவில்லை என்ற வாக்குமூலத்தைக் கட்டாயமாக்க வேண்டும். பழைய இயந்திரங்களுக்கான பொறியாளர் சான்றிதழில் காப்பு அமைப்புகளின் நிலையும் சோதிக்கப்பட்டுப் பதிவாக வேண்டும். பொறுப்பை வாங்குபவருக்கு மாற்றும் உறுதிமொழி, இயந்திரத்தோடு பிறக்க வேண்டிய காப்புகளுக்குச் செல்லாது என்று விதிகளில் தெளிவுபடுத்த, தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். பாதுகாப்புக் குறிப்பேடு தமிழிலும், திருப்பூரில் இன்று பெருமளவில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் தரப்பட வேண்டும். ஏற்றுமதிக் கடமை நீடிக்கும் ஆறு ஆண்டுகளுக்காவது காப்பு உதிரிகளையும் சென்சார்களையும் நியாய விலையில் வழங்க விற்பவரைக் கட்டுப்படுத்த வேண்டும். விதிகளை எழுதுமுன் இயந்திரம் ஓட்டுபவர்களின் பிரதிநிதிகளையும் அழைத்துத் திருப்பூரிலேயே ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்