கொண்டையராஜுவுக்கு ஒரு ஹால் கொடுங்கப்பா!

எங்க வண்ணார்பேட்டைப் பக்கம் வீடு மாத்தும்போது பழைய சாமி படங்களை யாரும் குப்பையில போட மாட்டாங்க. மனசு வராது. ஆத்தங்கரையிலயோ அரசமரத்தடியிலயோ சாத்தி வச்சிட்டு வந்துடுவாங்க. சட்டத்தைக் கரையான் அரிச்சு, ரெண்டு மழை பெஞ்சா படம் கூழ். அதுல சில படங்களோட அடியில உத்துப் பார்த்தீங்கன்னா, பொடி எழுத்துல ஒரு கையெழுத்து இருக்கும்: சி. கொண்டையராஜு.

யாரு இவருன்னு கேட்டா நம்ம பதிவுலக மக்கள்லயே நிறைய பேர் முழிப்பாங்க. ஆனா அவரோட கஜலட்சுமியையோ மீனாட்சி கல்யாணத்தையோ பார்க்காம வளர்ந்த ஆள் யாராச்சும் உண்டா?

சுருக்கமா சொல்லிடறேன். 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படிச்சவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்திருக்கார். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா வரையுற வேலை. 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். (அப்போ அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. 1986-லதான் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போச்சு.) டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம்னு சிஷ்யர்கள் சேர்ந்தாங்க. பக்கத்துல சிவகாசி அச்சகங்கள். அப்புறமென்ன, தமிழ்நாட்டுச் சுவர் பூரா கோவில்பட்டிதான். 1976-ல் காலமானார்.

இவரோட படங்களுக்கு பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துல ஒழுங்கா ஒரு கண்காட்சி வைக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கையில கிடைச்சதுக்கெல்லாம் பொருநை அருங்காட்சியகம் கட்டியிருக்காங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா மூவாயிரம் வருஷத்துப் பானைக்குக் கிடைக்கிற மரியாதை அறுபது வருஷத்துப் படத்துக்குக் கிடைக்காது. பானையாவது மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. காகிதம் இருக்காது சாமி.

"காலண்டர் படமெல்லாம் ஒரு ஆர்ட்டா?"ன்னு ஒரு கேள்வி வரும், தெரியும். எழும்பூர் மியூசியத்துல ரவிவர்மாவை வாய் பிளந்து பார்க்கிறவங்கதான் இதைக் கேட்பாங்க. அந்த ரவிவர்மாவே 1894-ல் பம்பாயில் அச்சகம் வச்சு சாமி படம் அடிச்சு வித்தவர்தான்! அமெரிக்காவில் நார்மன் ராக்வெல்னு ஒருத்தர். இவர் காலத்து ஆள். பத்திரிகை அட்டையும் காலண்டருமா வரைஞ்சு தள்ளினார். விமர்சகர்கள் ரொம்ப நாள் அவரை ஓவியராவே சேர்த்துக்கலை. ஆனா மாசசூசெட்ஸில் அவர் குடியிருந்த ஸ்டாக்பிரிட்ஜ் ஊர்க்காரங்க 1969-லேயே மியூசியம் திறந்துட்டாங்க. 2001-ல் நியூயார்க் குகன்ஹைம் மியூசியமே அவர் படங்களைக் கூப்பிட்டு மாட்டுச்சு. நம்ம கோவில்பட்டி ஓவியர்களைத் தேடிவந்து ஆராய்ச்சி பண்ணினது யாருன்னு பார்த்தா, ஸ்டீபன் இங்கிலிஸ்னு ஒரு கனடாக்காரர். ஹூம்.

கண்காட்சின்னா சும்மா ஃப்ரேம் போட்டு வரிசையா மாட்டறது இல்லை. கையால வரைஞ்ச மூலம் கிடைச்சா அதையும், அதே படம் அச்சாகி வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். சிவகாசிக்குப் போய் வந்ததுல அம்மன் புடவை எவ்வளவு பளபளப்பாச்சுன்னு அப்பதான் தெரியும். நகைக்கடை பேர் கொட்டை எழுத்துல இருக்கிற காலண்டரை அப்படியே, தேதி கிழிக்கிற அட்டையோட மாட்டணும். படுதா வரைஞ்ச கைதான்னு படத்துப் பின்னாடி இருக்கிற தூணும் திரைச்சீலையும் காட்டிக்கொடுக்கும், அதுக்கு ஒரு சுவர். குருவும் சிஷ்யரும் சேர்ந்து கையெழுத்து போட்ட படங்களுக்குத் தனியா ஒரு சுவர். நம்ம தொழில்ல ரெண்டு வரி கோடு எழுதினவனே பேரை மேல போட்டுக்கிறான், இவர் சிஷ்யன் பேரைத் தன் பேர் பக்கத்துல போட விட்டிருக்கார். :-)

முக்கியமா, பூஜையறையிலிருந்து வர்ற படங்கள்ல குங்குமத்தையும் சந்தனத்தையும் துடைக்கவே கூடாது. அதுவும் அந்தப் படத்துல ஒரு பாகம்தான். எவனாச்சும் வந்து கும்பிட்டுட்டுப் போனா போகட்டும், காவலாளி அதட்டக் கூடாது.

படத்துக்கு எங்க போறதுன்னு கேட்டா, முதல்ல சிவகாசிப் பழைய அச்சகங்களோட பீரோக்களைக் கிண்டணும். அடுத்தது நம்ம வீடுங்கதான். எங்கம்மாகிட்ட பேசிப் பார்த்தேன், மூணு மாசம்னா கஜலட்சுமியைத் தர்றாங்களாம். ஆனா வெள்ளிக்கிழமை அங்க யாரு பூ போடுவான்னு கேக்காங்க.