ஆர்.சி.யில் தப்பு இருந்தால் யாரிடம் போவது?

மாண்புமிகு ஒன்றிய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



பழைய கார் வாங்கப் போகிறவர் இன்று போனட்டைத் திறப்பதற்கு முன்னால் செல்போனைத் திறக்கிறார். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டுகிறார். ஓனர் பெயரில் பாதி நட்சத்திரக் குறிகளாக மறைந்திருந்தாலும் மற்றதெல்லாம் வந்து விழுகிறது. எப்போது பதிவானது, எத்தனையாவது ஓனர், பெட்ரோலா டீசலா, எந்த வங்கியில் கடன், இன்ஷூரன்ஸ் என்றைக்கு முடிகிறது என்று எல்லாம் தெரிகிறது. ஒரு காலத்தில் இதற்கெல்லாம் கன்சல்டிங் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் ஆதாரம். “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி” என்பார். ஊரில் இருந்த டாக்டர்களைவிட டாக்டர் வண்டிகள் அதிகம் விற்றன. அந்த வாய்ஜாலத்தை அடக்கியது வாகன் தரவுத்தளம். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கி, தங்கள் அமைச்சகம் நாடு முழுக்கக் கொண்டுவந்த அந்த ஏற்பாட்டுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடலைத் தொடங்குவது முறையாகாது.

ஆனால் கார் சரியாக இருந்து, திரை தப்பாக இருந்தால்?

இரண்டாவது ஓனர் மூன்றாவது ஓனராகத் தெரிகிறார். அடைத்து முடித்த கடன் இன்னும் நிற்கிறது. பெட்ரோல் வண்டி டீசலாகப் பதிவாகியிருக்கிறது. சேஸிஸ் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வாங்க வந்தவர் ஒன்றும் சொல்லாமல் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அல்லது அதையே காரணமாகக் காட்டி அடிமாட்டு விலை கேட்கிறார். விற்கிறவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் எடுபடாது. அரசாங்கத்தின் திரை ஒன்று சொல்கிறது, ஆள் ஒன்று சொல்கிறார் என்றால் யாரை நம்புவார்கள்?

இந்தத் தப்புகளில் பெரும்பாலானவை சதியால் வருவதில்லை. தட்டச்சு செய்த விரலால் வருகின்றன. சேஸிஸ் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். இன்றைய கார்களில் அது 17 எழுத்துகளும் எண்களும் கலந்தது. ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வரவே கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று அந்த மூன்றையும் முன்பே விலக்கி வைத்துவிட்டார்கள். ஆக, 17 இட எண் ஒன்றில் ‘ஓ’ இருந்தால் காரைப் பார்க்காமலே அது தப்பு என்று சொல்லிவிடலாம். முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் குறிப்பவை. எம்ஏ3 என்று தொடங்கினால் மாருதி சுசுகி, எம்ஏஎல் என்றால் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய். ஹூண்டாய் கார் ஒன்று எம்ஏ3 என்று பதிவாக வந்தால் உள்ளே விடாமல் தடுக்கக் கணினிக்குப் பெரிய அறிவு தேவையில்லை. மிச்சம் இருப்பவை எட்டுக்கும் ‘பி’க்கும், ஐந்துக்கும் ‘எஸ்’ஸுக்கும், இரண்டுக்கும் ‘இசட்’டுக்கும் வரும் குழப்பங்கள். அவற்றைப் பிடிக்க மனிதக் கண்தான் வேண்டும்.

அப்படி ஓர் எழுத்தைத் திருத்துவது என்றால் என்ன பாடு என்று பாருங்கள். காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உலோகத்தில் பொறித்த எண்ணின் மீது வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, பிரிண்ட் எடுக்க வேண்டும். பத்து வருடத் தூசியும் கிரீஸும் அப்பியிருந்தால் முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் அதையும் காரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதுவரை நியாயம்தான். அடுத்து, முதல் விற்பனையின்போது டீலர் தந்த படிவம் 21, தயாரிப்பாளர் தந்த படிவம் 22 எல்லாம் கேட்பார்கள். 2012இல் வாங்கிய காரின் டீலர் கடையை மூடிவிட்டுப் போயிருக்கலாம். கார் முதலில் பதிவானது வேறு மாநிலம் என்றால் இன்னும் விசேஷம். “தப்பு அங்கே நடந்தது, அங்கே போய்க் கேளுங்கள்” என்பார்கள் இங்கே. “என்.ஓ.சி. கொடுத்தாயிற்று, வண்டி எங்கள் கணக்கில் இல்லை” என்பார்கள் அங்கே. தட்டச்சு செய்தது அலுவலகம். நிரூபிக்க வேண்டியவர் மூன்றாவது ஓனர்.

கடன் விஷயத்தில் கதை வேறு. மாதத் தவணை முடிந்ததும் வங்கி படிவம் 35ஐயும் ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்து வாழ்த்தி அனுப்பிவிடும். அதைக் கொண்டுபோய், பதிவில் உள்ள எச்.பி. என்ற கடன் குறிப்பைக் கேன்சல் செய்ய வேண்டியது வண்டிக்காரர் வேலை. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். காரை விற்கும் நாளில்தான் திரை அதை ஞாபகப்படுத்தும். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. தனிநபர் கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசையும், அசையாச் சொத்து ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், எந்தப் பதிவகத்தில் பற்று ஏற்றியிருந்தாலும் அதை நீக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. சொந்த உபயோகக் கார் கடனும் ரிசர்வ் வங்கியின் கணக்கில் தனிநபர் கடன்தான். வாகனப் பதிவேட்டைவிடப் பெரிய பதிவகம் எது? கடனை ஏற்றும்போது வங்கியே முன்னின்று ஏற்றுகிறது. இறக்கும்போது மட்டும் ஏன் வாடிக்கையாளர் நடக்க வேண்டும்? சில வங்கிகள் இணையம் வழியாகவே இதைச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. எல்லா வங்கிகளையும் அந்த வழிக்குக் கொண்டுவரத் தங்கள் அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

விலை குறைவதோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 1 அன்று டெல்லியில் நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் பங்க்கில் எரிபொருள் கிடையாது என்றார்கள். நம்பர் பிளேட்டைக் கேமரா படிக்கும், வாகன் தரவைப் பார்க்கும், பம்ப் நிற்கும். ஜூலை 3ஆம் தேதியே டெல்லி அரசு காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்குக் கடிதம் எழுதி நிறுத்தி வைக்கச் சொன்னது. கேமராக் கோளாறுகளையும், அண்டை மாநிலத் தரவுகளோடு இணைப்பு முழுமையாகாததையும் காரணமாகச் சொன்னது. அந்தத் திட்டம் சரியா தப்பா என்பது தனி வழக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, எரிபொருள் பத்தியில் ‘பெட்ரோல்’ என்பதற்குப் பதில் ‘டீசல்’ என்று யாரோ தட்டியிருந்தால் ஒரு காரின் ஆயுளில் ஐந்து வருடம் அங்கே போய்விடும் என்பதுதான்.

பதிவேட்டை நீதிமன்றம் எவ்வளவு நம்புகிறது என்பதற்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று போதும். ஒருவர் 2007இல் காரை விற்றுவிட்டார். அது கை மாறிக் கை மாறிப் போனது. பெயர் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. 2009இல் விபத்து. காரை விற்று ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே சட்டத்தின் கண்ணில் ஓனர். அடிபட்டவர்கள் ஓனரைத் தேடி ஊர் ஊராக அலையக் கூடாது என்பது அதன் நியாயம். மறுக்க முடியாத நியாயம்தான். ஆனால் பதிவேட்டுக்கு இவ்வளவு கனம் கொடுத்த பிறகு, அதில் உள்ள தப்பைத் திருத்தும் வழி இவ்வளவு தெளிவில்லாமல், ஆளுக்கு ஆள் மாறுவதாக இருக்கலாமா? 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது தாங்கள்தான். விற்றவர் தலையில் இருந்து பாரத்தை இறக்கும் நல்ல விதி. அதற்கு உள்ளேயும் தட்டச்சு செய்யப்போவது மனிதர்கள்தானே.

இன்னொரு சங்கடமான சங்கதி. 2019 மார்ச்சில் தங்கள் அமைச்சகம் மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, வணிக நிறுவனம் என்றால் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று விலை வைத்தது. 2020 ஜூனில் அதைக் கைவிட்டது. வாகன் தரவுகளையும் ஓட்டுநர் உரிமத் தரவுத்தளமான சாரதியின் தரவுகளையும் பகிர்ந்ததில் கிடைத்தது 111 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குப் பதில் வந்தது. விற்றது சரியா என்ற கேள்வியை மற்றவர்கள் கேட்டுவிட்டார்கள். விற்ற சரக்கில் இருந்த தப்புகள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. பழைய காரின் ஜாதகம் என்று காசு வாங்கிக்கொண்டு அறிக்கை தரும் இடங்கள் இன்று இருக்கின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மூலம் திருந்திய மறுநாள், வெளியே உள்ள நகல்களும் திருந்தும் என்று யாராலாவது உறுதி சொல்ல முடியுமா?

பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் ஓடிய மைல் கணக்கைப் பதிகிறார்கள். அந்த வரலாற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மைல் கணக்கில் தப்பு இருந்தால் 28 நாளுக்குள் சோதித்த பணிமனையிடமே சொன்னால் சரிபார்த்து மாற்றுச் சான்றிதழ் தருகிறது. நாள் கடந்துவிட்டால் அரசின் வாகனத் தர முகமைக்கு எழுத வேண்டும். அந்தச் சோதனை நடந்த அதே தேதியிட்ட சர்வீஸ் ரசீதோ, பணிமனையின் வேலைச்சீட்டோ ஆதாரமாகப் போதும். யாரிடம், எத்தனை நாளில், எந்தக் காகிதத்தோடு என்ற மூன்றுக்கும் பதில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். (நம் வாகன் திரையில் ஓடிய கிலோமீட்டருக்கு இடமே இல்லை. மீட்டரைப் பின்னால் சுற்றும் தொழில் இங்கே அமோகமாக நடப்பதில் ஆச்சரியம் இல்லை.)

லண்டன்வரை போக வேண்டாம் என்றால் மும்பை போதும். கடன் தகவல் அறிக்கையில் தப்பு என்று ஒருவர் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. நூறு ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் தப்புக்கு ஒரு விலை உண்டு என்று ஆனதும் கோப்பு தானாக நகரும்.

திருத்தத்தைச் சுலபமாக்கினால் திருடனுக்கும் சுலபமாகும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தப் பயம் வெறும் சாக்கு அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் கூரைவரை மூழ்கின. பழுது செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பு. காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்தில் தள்ளிவிடும். அப்படி வாங்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்கவும் முடியும், அதன் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்கு ஒட்டவும் முடியும். நிரந்தரமாகப் பயன்படாமல் போன வண்டியைப் பற்றி ஓனர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பீடு வாங்கிய கையோடு யார் போய்த் தெரிவிக்கிறார்கள்? அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய உரிமைப்பத்திரத் தகவல் அமைப்புக்குக் காப்பீட்டு நிறுவனங்களும் காயலான் கடைகளும் மாதாமாதம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். இங்கே மூழ்கிய கார் திரையில் பளிச்சென்று நிற்கிறது. எழுதாமல் விட்டதும் தப்புதான். ஓர் எழுத்து மாறியதைவிடப் பெரிய தப்பு.

ஆகவே கேட்பது கதவை அகலத் திறக்க அல்ல, கதவில் கணக்கு வைக்க. பழைய ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் என்றால் அடித்து எழுதி, பக்கத்தில் அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். அடித்ததையும் படிக்கலாம், எழுதியதையும் படிக்கலாம். திரையில் திருத்தினால் பழையது மக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்பு என்ன இருந்தது, எந்த அலுவலகம் எந்தத் தேதியில் எந்த ஆதாரத்தால் மாற்றியது என்பது பொதுமக்கள் திரையிலேயே நிற்க வேண்டும். புகார் கொடுத்த நாளிலிருந்து தீரும்வரை ‘திருத்தக் கோரிக்கை நிலுவையில்’ என்று ஒரு வரி அதில் தெரிந்தால், வாங்க வருகிறவராவது காரணம் கேட்பார். தப்பு எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் வண்டி இப்போது இருக்கும் ஊர் அலுவலகமே புகாரை வாங்கி, பழைய அலுவலகத்திடம் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 62பி பிரிவு தேசிய வாகனப் பதிவேட்டை ஒன்றிய அரசின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. மாநிலத்தைக் கைகாட்டும் வழி அங்கே இல்லை.

என்.ஓ.சி.க்குப் படிவம் 28. விற்க 29, 30. ஓனர் இறந்தால் 31. கடன் ஏற்ற 34, இறக்க 35. கன்சல்டிங் கடைப் பையன்கள்கூட இவற்றை மனப்பாடமாகச் சொல்வார்கள். “உங்கள் பதிவில் தப்பு இருக்கிறது” என்று சொல்ல வருகிறவர் மட்டும் இன்றைக்கும் அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, ‘அனுப்புநர், பெறுநர்’ என்று தொடங்குகிறார். அந்த மனுவுக்கு ஒரு படிவ எண்ணும், ஒப்புகைச் சீட்டும், 30 நாள் கெடுவும் தங்கள் அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கையால் வந்துவிடும்.