தங்கமீன் வேண்டாம், நத்தை வளருங்கள்

கண்ணாடித் தொட்டியில் ஒரு சிற்றுயிரை வளர்க்க விரும்பும் மாணவர் பெரும்பாலும் வாங்குவது தங்கமீனைத்தான். உருண்டைக் கிண்ணத்தில் விட்ட அம்மீன் சில நாட்களில் செத்து மிதந்தால், மீன் விற்றவரைத் திட்டுவார். நான் கிண்ணத்தைத்தான் குற்றம் சொல்வேன்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரின் மேற்பரப்பு வழியாகவே கரைகிறது. கழுத்துவரை நிரப்பிய உருண்டைக் கிண்ணத்தில் அப்பரப்பு குறுகிவிடுகிறது. நம் ஊர் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா வேறு.

வயல் நத்தைக்குக் காசு வேண்டாம், வாய்க்காலில் கிடைக்கும். செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற பையும் உண்டு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து, குழல் போன்ற உறுப்பை நீட்டிக் காற்றை இழுக்கும். அப்படி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று காலையிலும் நண்பகலிலும் எண்ணி, நீரின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்து வாருங்கள். இந்த வேடிக்கையைத் தங்கமீன் காட்டாது!

வாயகன்ற தொட்டியே நல்லது. கீரைத்துண்டும் நீர்ச்செடியும் உணவு. மிஞ்சியதை மறுநாளே எடுத்துவிடுங்கள். குழாய்நீரானால் ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். இரவில் ஏறி வெளியே போய்விடும், ஆகவே வலைமூடி அவசியம். நத்தையின் உடலில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும்; தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். வளர்த்தது போதும் என்று தோன்றினால், எடுத்த வாய்க்காலிலேயே கொண்டுபோய் விடுங்கள்.