மால்குடியைத் தந்த தூர்தர்ஷன் எங்கே?

1930-ஆம் ஆண்டு பெங்களூரில், பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில் நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி நாவல் எழுத அமர்ந்தார் ஆர்.கே. நாராயண். அவர் மனக்கண்ணில் முதலில் தோன்றியது மால்குடி என்ற சிற்றூரின் ரயில் நிலையம். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், அதே பெங்களூரைச் சேர்ந்த கலைஞர்கள்தாம் அந்த ஊரை நாடெங்கும் உள்ள வீடுகளுக்குக் கொண்டு சென்றனர்.

1980-களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான "மால்குடி டேஸ்' தொடரின் கதாசிரியர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதியவர். இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். இசையமைத்தவர் தமிழகத்தின் எல். வைத்தியநாதன். பேசப்பட்ட மொழியோ பெரும்பாலும் ஹிந்தி. தேசிய ஒருமைப்பாடு பற்றித் தலைநகரில் ஆற்றப்படும் உரைகள் சாதிக்காததை, ஆகும்பேயில் படமான இத்தொடர் ஓசையின்றிச் சாதித்தது.

அதற்கு முன்பு 1965-இல் அவரது "கைடு' நாவலைப் படமாக்கிய வணிக சினிமா, கதைக்களத்தை மால்குடியிலிருந்து ராஜஸ்தானுக்கு மாற்றியது. நாராயண் தமது மனக்குறையை வெளிப்படையாகவே எழுதினார். தூர்தர்ஷனில்தான் மால்குடி மால்குடியாகவே இருந்தது.

அக்காலத்தில் நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். 1989-இல் அவர் ஆற்றிய கன்னி உரை, புத்தகப் பையின் சுமையால் கூனிப்போகும் பள்ளிக் குழந்தைகளைப் பற்றியது. பின்னர் அமைக்கப்பட்ட யஷ்பால் குழுவின் 1993-ஆம் ஆண்டு அறிக்கையிலும் அந்த உரை நினைவுகூரப்பட்டது. சிறுவன் சுவாமியைத் திரையில் கண்டு நெகிழ்ந்திருந்த நாட்டுக்கு அவ்வுரையின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரிவினைக் கலவரங்களைச் சித்திரித்த பீஷ்ம சாஹ்னியின் "தமஸ்' நாவல் 1988-இல் தொடராக வந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒளிபரப்புக்கு நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. அரசின் நேரடிப் பிடியில் இருந்த தூர்தர்ஷனுக்கே அன்று அத்தகைய துணிவு இருந்தது. 1997-இல் தன்னாட்சி அமைப்பாகப் பிரசார் பாரதி உருவான பின்னர் அந்தத் துணிவு கூடியிருக்க வேண்டாமா?

தனியார் தொலைக்காட்சிகள் இருக்கின்றனவே என்று கூறலாம். தமிழ்ச் சிறுகதைகளைப் பாலு மகேந்திரா "கதை நேரம்' என்று படமாக்கியதும் தனியார் தொலைக்காட்சியில்தான். ஆனால், அது மரபாக வேரூன்றவில்லை. "பொன்னியின் செல்வன்' போன்ற பெருங்கதைகளுக்குப் பணம் போட முதலாளிகள் உண்டு. புதுமைப்பித்தனின் எட்டுப் பக்கக் கதைக்கு யார் இருக்கிறார்கள்?

பல்வேறு மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடமளிப்பது பிரசார் பாரதியின் கடமை என்கிறது அதன் சட்டம். அகில இந்திய வானொலி, தூர்தர்ஷன் ஆகியவற்றின் மேம்பாட்டுக்காக 2023-இல் மத்திய அமைச்சரவைக் குழு ரூ.2,539 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. 2024-இல் "வேவ்ஸ்' என்ற ஓடிடி தளமும் தொடங்கப்பட்டது. கருவிகளுக்கும் தளத்துக்கும் குறைவில்லை, குறைவு கதைகளுக்குத்தான்.

சாகித்ய அகாதெமி விருது வழங்கும் 24 மொழிகளிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு நூலையேனும் தொடராக்க வேண்டும். எழுத்தாளருக்கு நியாயமான உரிமத் தொகை தர வேண்டும். எல்லா மொழிகளிலும் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்ப வேண்டும். இதற்கெனத் தனி நிதி ஒதுக்கப்பட்டதா என்று நமது எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

தொடரில் மால்குடியாகத் தோன்றிய அரசாளு ரயில் நிலையத்தை ரயில்வே துறை 2020-இல் அருங்காட்சியகமாக்கியது. பாராட்டுக்குரிய பணிதான். ஆனால், நல்ல தொடர்கள் அருங்காட்சியகத்தில் மட்டுமே காணக் கிடைப்பவையாகிவிடக் கூடாது. தூர்தர்ஷன் விழித்துக்கொள்ளுமா?