சட்டைப் பையில் ஒரு கணக்கப்பிள்ளை

இங்கிலாந்தில் லாரி ஓட்டுகிற என் சித்தப்பா மகன் போன் செய்தால் பாதி நேரம் ஊர்க்கதை, மீதி நேரம் 'கார்டு' புராணம். ஏ.டி.எம். கார்டு இல்லை ஸார். டாக்கோகிராஃப் டிரைவர் கார்டு!

அங்கே மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் பெரும்பாலானவற்றில் டாக்கோகிராஃப் என்று ஒரு பெட்டி உண்டு. வண்டி எப்போது ஓடியது, என்ன வேகம், டிரைவர் எப்போது ஓய்வெடுத்தார்... எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். முன்பு வட்டக் காகிதத்தில் ஊசி கோடு கிழிக்கும். கோடு என்றால் கைவேலை காட்ட ஆள் இருக்க மாட்டானா? 2006 மே முதல் புது வண்டிகளில் டிஜிட்டல் பெட்டி. கார்டைச் செருகினால் அவரவர் கணக்கு அவரவர் பேரில் ஏறும்.

வாங்குவதில் பெரிய கஷ்டமில்லை. லைசென்ஸ் தருகிற ஸ்வான்ஸீ ஆபீசுக்கே விண்ணப்பிக்க வேண்டும். 32 பவுண்டு. ஐந்து வருஷம் செல்லும். புதுப்பிக்க 19. ஆளுக்கு ஒன்றுதான். "அண்ணே, உங்க கார்டைக் குடுங்க, ஒரு நடை போயிட்டு வந்துர்றேன்" கதையெல்லாம் நடக்காது, குற்றம். தொலைத்தால் ஏழு நாளைக்குள் சொல்ல வேண்டும். புதுசு வரும்வரை, அதிகபட்சம் 15 நாள், பெட்டியிலிருந்து சீட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டு ஓட்டலாம்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். நாலரை மணி ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு. இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் முதலில் 15, பிறகு 30. மாற்றி எடுத்தால் செல்லாது! நான் பி.காம். எப்படிக் கூட்டினாலும் 45 என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கார்டு வேறு காலேஜ் போலிருக்கிறது. ஒரு நாளைக்கு 9 மணி ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரண்டு வாரம் சேர்த்து 90ஐத் தாண்டக் கூடாது.

சக்கரம் சுற்றினால் பெட்டி தானே எழுதிக்கொள்ளும். நிற்கும்போது நீங்கள் மூட்டை இறக்கினீர்களா, குறட்டை விட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. நீங்கள்தான் பட்டனை அமுக்க வேண்டும். வேலைக்குச் சுத்தியல் படம், ஓய்வுக்குக் கட்டில் படம். வில்லங்கமே இங்கேதான்.

இவன் முதலில் சேர்ந்த கம்பெனியில் சூபர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னாராம், "கட்டிலை அமுக்கிட்டு லோடை இறக்கு." இறக்கி முடித்தால் கார்டுப்படி இவன் நன்றாகத் தூங்கி எழுந்தவன். உடம்புக்கு அது தெரியுமா? ராத்திரி மூன்று மணிக்கு மோட்டார்வேயில் கண் சொக்கினால் முன்னால் போகிற காரில் இருப்பவனுக்கு எந்தக் கட்டில்?

"என்னடா பண்ணினே?"

"சுத்தியலைத்தாண்ணே அமுக்குனேன். அவர் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! மாட்டினா லைசென்ஸ் என்னுது. அவருதா?"

மூன்றாம் மாதம் வேறு கம்பெனி. சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தானாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முன்னால் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.